"என் மகளுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்களா?"

பதினைந்து வயது மகளுக்கு மனச்சோர்வு என்று சொல்லி மருத்துவர் ஃபுளூவாக்செட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு நாட்களாக மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அலமாரியிலேயே இருக்கிறது என்கிறீர்கள். காரணம், நீங்கள் தேடிப் படித்த மூன்று செய்திகள். இந்த வகை மருந்துகளைப் பெரியவர்களிடம் மட்டுமே சோதித்தார்கள் என்பது ஒன்று. பிள்ளைகள் சாப்பிட்டால் தற்கொலை எண்ணம் வரும் என்பது இரண்டாவது. மருந்து கம்பெனிகள் உண்மையை மறைத்தன என்பது மூன்றாவது. "யாரை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் செய்தி இந்த மருந்தைப் பொறுத்தவரை தவறு. இரண்டாவதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவு சொல்லாமல் சொன்ன உண்மை. மூன்றாவது முழுக்க உண்மை. அது வேறொரு மருந்தின் கதை. மனநல மருத்துவத்தில் பல ஆண்டுகளாகப் பதின்பருவத்தினரைப் பார்த்து வருகிறேன், இந்த ஆய்வுகளை மாணவர்களுக்குப் பாடமாகவும் நடத்துகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட காலம் மருத்துவ உலகம் பிள்ளைகளைச் சின்ன உருவில் இருக்கும் பெரியவர்களாகவே நினைத்தது. எடைக்குத் தக்கபடி அளவைக் குறைத்தால் போதும் என்பதுதான் வழக்கம். மனச்சோர்வில் அந்தக் கணக்கு பொய்த்தது. பெரியவர்களுக்கு நன்றாக வேலை செய்த இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகளைச் சிறுவர்களிடம் சோதித்தபோது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அவை மேல் என்று காட்ட முடியவில்லை. இதயத்துடிப்பைப் பாதிக்கும் ஆபத்து வேறு. பிள்ளைகளின் மூளை வேறு மாதிரி நடந்துகொள்கிறது, அவர்களிடமே சோதிக்காமல் எதையும் சொல்லக்கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

1997-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் கிரகாம் எம்ஸ்லி என்ற மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. 96 பிள்ளைகள், பாதிப்பேருக்கு ஃபுளூவாக்செட்டின், பாதிப்பேருக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. எது யாருக்கு என்பது பிள்ளைக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களில் 56 சதவீதம் பேர் நன்கு தேறியிருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 33 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகளும் இதை ஆதரித்தன. 2003 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ., எட்டு வயதிலிருந்தே இதைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உங்கள் மகளுக்கு எழுதியிருப்பது இந்த மருந்துதான்.

அடுத்தது மறைக்கப்பட்ட கதை. இதில் சற்று நிற்கத்தான் வேண்டும்.

பராக்செட்டின் என்பது இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்து. ஸ்மித்க்லைன் பீச்சம் நிறுவனம் (பிற்பாடு கிளாக்சோஸ்மித்க்லைன்) அதைப் பதின்பருவத்தினரிடம் சோதிக்க 1994-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதன் எண் 329. 12 முதல் 18 வயது வரையிலான 275 பேரில் 93 பேருக்கு பராக்செட்டின், 95 பேருக்கு இமிப்ரமின், 87 பேருக்கு வெற்று மாத்திரை. கட்டுரை 2001-இல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவக் கழகத்தின் இதழில் வந்தது. ஆசிரியர்கள் 22 பேர்; முதல் பெயர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கெல்லர். ஆனால் கட்டுரையின் முதல் வரைவை எழுதியது கம்பெனி கூலி கொடுத்து அமர்த்திய ஒரு நிறுவனத்தின் எழுத்தாளர்.

முதுநிலை மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கட்டுரையைக் கொடுத்து, தொடக்கத்தில் உள்ள சுருக்கத்தை மட்டும் படிக்கச் சொல்வேன். "பராக்செட்டின் பதின்பருவத்தினரின் மனச்சோர்வுக்குப் பொதுவாக நன்கு ஏற்றுக்கொள்ளப்படுகிறது, பயனும் தருகிறது" என்ற பொருளில் அது முடிகிறது. இதைப் படித்த பிறகு மருந்து எழுதுவீர்களா என்று கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். அதன் பிறகு அட்டவணையைத் திறக்கச் சொல்வேன். ஆய்வு தொடங்கும் முன்பே "இதை வைத்துத்தான் வெற்றி தோல்வியை முடிவு செய்வோம்" என்று எழுதி வைத்த அளவுகள் எட்டு. அவற்றில் முக்கியமானவை இரண்டு. எட்டில் ஒன்றில்கூட மருந்து வெற்று மாத்திரையை வெல்லவில்லை. பிறகு வேறு வேறு அளவுகளைக் கொண்டுவந்து பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 27 அளவுகளில் நான்கில் மட்டும் மருந்து முந்தியது. அந்த நான்குதான் கட்டுரையில் தலையெடுத்தன. அம்பை எய்துவிட்டு, அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்த வேலை. மாணவர்களில் யாராவது ஒருவர் அட்டவணையிலிருந்து நிமிர்ந்து மீண்டும் சுருக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். அந்தப் புரட்டலைக் கற்றுக்கொடுக்கத்தான் இந்தப் பாடம்.

கம்பெனிக்கு உண்மை தெரியாமல் இல்லை. 1998-ஆம் ஆண்டின் உள் ஆவணம் ஒன்று பின்னர் வெளியே வந்தது. மருந்தின் பயன் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதுவது வணிக ரீதியில் ஏற்கத்தக்கதல்ல, அது பராக்செட்டினின் மதிப்பைக் குறைத்துவிடும் என்ற கருத்து அதில் பதிவாகியிருக்கிறது. எனக்கு இன்றும் கோபம் வரும் இடம் இது.

பயன் இல்லை என்பதைவிடக் கொடியது தீங்கைப் பதிவு செய்த விதம். ஆய்வின்போது ஒரு பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பட்டியலில் ஏற்ற வேண்டும். இந்த ஆய்வில் தற்கொலை எண்ணங்களும் முயற்சிகளும் "உணர்ச்சி நிலையின்மை" என்ற தலைப்பின் கீழ் போயின. கட்டுரையைப் படிக்கும் மருத்துவர் என்ன நினைப்பார்? பிள்ளை கொஞ்சம் அழுதிருக்கும், கோபப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஒரு சொல்லுக்குள் அத்தனையும் புதைந்துவிட்டது.

அதைத் தோண்டி எடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. 2015-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் ஜூரெய்டினி, பிரிட்டனின் டேவிட் ஹீலி உள்ளிட்ட குழு, அதே ஆய்வின் மூலத் தரவுகளை வாங்கி மறுபடி கணக்கிட்டு பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டது. நோயாளிகளின் பதிவுத் தாள்கள் மட்டும் சுமார் 77,000 பக்கம். அவற்றைக் கணினித் திரையில் ஒரு நேரத்தில் ஒரு பக்கமாக மட்டுமே பார்க்க அனுமதி. 275 பேரில் 93 பேரின் தாள்களைப் படித்து முடிக்கவே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் பிடித்தது. கிடைத்த விடை: மனச்சோர்வு மதிப்பெண் பராக்செட்டினில் 10.7 புள்ளி குறைந்தது, வெற்று மாத்திரையில் 9.1. அந்த இடைவெளி தற்செயலாகவே வந்திருக்கக்கூடியது. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்தும் செயலோ பராக்செட்டின் எடுத்தவர்களில் 11 பேரிடம். வெற்று மாத்திரைப் பிரிவில் ஒரே ஒருவரிடம்.

இதற்குள் சட்டம் தன் வழியில் நகர்ந்திருந்தது. 2003 ஜூனில் பிரிட்டன் 18 வயதுக்குட்பட்டவர்களின் மனச்சோர்வுக்கு பராக்செட்டின் கூடாது என்றது. அந்த ஆண்டு டிசம்பரில், இந்தக் குடும்பத்து மருந்துகளில் ஃபுளூவாக்செட்டினுக்கு மட்டுமே தீமையை மிஞ்சிய நன்மை இருப்பதாக அறிவித்தது. 2004-இல் நியூயார்க் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. கம்பெனி 25 லட்சம் டாலர் கொடுத்து அதைத் தீர்த்துக்கொண்டது. 2012-இல், இந்தக் குற்றச்சாட்டும் வேறு சிலவும் சேர்ந்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 கோடி டாலர் கட்டியது.

ஆகவே நீங்கள் படித்தது வதந்தி அல்ல. ஆனால் அந்தக் குற்றத்தை ஃபுளூவாக்செட்டின் மேல் ஏற்றக்கூடாது. ஒரே குடும்பத்தில் பிறந்தும் இரண்டு மருந்துகளின் தேர்வு முடிவும் வேறு.

இனி தற்கொலை எண்ணம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.

2004-இல் எஃப்.டி.ஏ. இந்த வகை மருந்துகளைப் பிள்ளைகளிடம் சோதித்த 24 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மொத்தம் 4,400-க்கும் மேற்பட்டவர்கள். தொடக்கத்திலேயே ஒரு சிக்கல். ஒவ்வொரு கம்பெனியும் சம்பவங்களுக்குத் தன் இஷ்டப்படி பெயர் வைத்திருந்தது. ஓர் இடத்தில் உண்மையான முயற்சிக்கு மென்மையான பெயர். இன்னோர் இடத்தில் தன்னையே கன்னத்தில் அறைந்துகொண்ட சிறுமி தற்கொலை முயற்சிப் பட்டியலில். எனவே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெல்லி போஸ்னர் தலைமையில் ஒரு குழு, பிள்ளை எடுத்தது மருந்தா வெற்று மாத்திரையா என்று தெரியாதபடி மறைத்துவிட்டு, ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரே அளவுகோலில் வகைப்படுத்தியது. புள்ளிவிவரம் என்றால் பெருக்கல் வகுத்தல் என்று நினைப்போம். இங்கே எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு சம்பவத்தை என்ன சொல்லால் அழைப்பது என்பதில்.

முடிவு: மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தென்பட்டது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடம். அந்த 24 ஆய்வுகளில் ஒரு பிள்ளைகூட தற்கொலை செய்துகொள்ளவில்லை. ஆபத்து இரட்டிப்பாகிறது என்று செய்தியில் வந்ததும் இந்தக் கணக்குதான், நூற்றில் இரண்டு பேர் கூடுதல் என்பதும் இதே கணக்குதான். அந்த ஆண்டு அக்டோபரில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை எல்லா மனச்சோர்வு மருந்துகளிலும் அச்சிட எஃப்.டி.ஏ. உத்தரவிட்டது. 2007-இல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. ஃபுளூவாக்செட்டினுக்கும் விலக்கு இல்லை.

2007-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வு இரண்டு பக்கத்தையும் ஒரே தட்டில் வைத்தது. மனச்சோர்வுள்ள பிள்ளைகளில் பத்துப் பேருக்கு மருந்து கொடுத்தால், வெற்று மாத்திரையில் தேறியிருக்காத ஒருவர் கூடுதலாகத் தேறுகிறார். 112 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வருகிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துத்தான் மருத்துவர் மனத்தில் நிறுத்துகிறார். ஒன்றை மட்டும் சொல்பவர் எந்தப் பக்கத்தவரானாலும் உங்களுக்கு அரைகுறையாகத்தான் சொல்கிறார்.

"பத்தில் ஒருவர்தானா?" என்று கேட்பீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தேறிவிடுகிறார்கள். வாரந்தோறும் ஒரு பெரியவர் எதிரே உட்கார்ந்து, இந்த வாரம் எப்படித் தூங்கினாய், பசித்ததா, யாரிடமாவது பேசப் பிடித்ததா, எதிலாவது மனம் நின்றதா என்று பொறுமையாகக் கேட்கிறார். குறுக்கே பேசாமல், திட்டாமல், மதிப்பெண்ணைப் பற்றி விசாரிக்காமல் கேட்கிறார். பல பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக அது கிடைக்கிறது. ஆய்வாளர் அதை வெற்று மாத்திரையின் விளைவு என்று எழுதிக்கொள்கிறார். என்னைக் கேட்டால் அதில் ஒரு பங்கு வெற்றே அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. 1997-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது: பிள்ளைகளிடம் சோதனை நடத்தும் கம்பெனிக்கு, போட்டியில்லாமல் விற்கும் உரிமை ஆறு மாதம் கூடுதல். சோதனை வெற்றி பெற வேண்டியதில்லை. கேட்டபடி நடத்திக் கொடுத்தால் போதும். நல்ல நோக்கம்தான், அதனால்தான் சோதனைகளே நடந்தன. ஆனால் பல மையங்களில், அவசரமாக ஆள் சேர்த்து, லேசான சோர்வு உள்ளவர்களையும் உள்ளே இழுத்து நடத்திய ஆய்வில் மருந்துக்கும் வெற்று மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம் கரைந்துபோகும். எஃப்.டி.ஏ. பார்த்த 15 மனச்சோர்வு ஆய்வுகளில் மூன்றுதான் மருந்துக்குச் சாதகமாக முடிந்தன. தோற்றது மருந்தா, சோதனை நடத்திய விதமா என்று துறைக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. இரண்டிலும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

அதனால்தான் கம்பெனிப் பணமில்லாமல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் செலவு செய்து நடத்திய ஆய்வை நான் அதிகம் மதிக்கிறேன். டேட்ஸ் என்று அதைச் சுருக்கமாகச் சொல்வார்கள். 13 மையங்கள், 12 முதல் 17 வயது வரை 439 பேர், தலைமை டியூக் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ச். பிள்ளைகளை நான்காகப் பிரித்தார்கள்: ஃபுளூவாக்செட்டின் மட்டும், பேச்சுவழிச் சிகிச்சை மட்டும், அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் சி.பி.டி.; இரண்டும் சேர்த்து; வெற்று மாத்திரை. 2004-இல் வந்த 12 வார முடிவில் இரண்டும் சேர்ந்த பிரிவில் 71 சதவீதம், மருந்து மட்டும் 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் 43, வெற்று மாத்திரை 35 சதவீதம் பேர் தேறினார்கள். 36 வாரத்தில் முதல் மூன்று பிரிவுகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன: 86, 81, 81. பேச்சுச் சிகிச்சை மெதுவாக வந்து சேர்ந்தது. மருந்து சீக்கிரம் தூக்கிவிட்டது.

இதே ஆய்வில், 36 வாரத்துக்குள் தற்கொலை தொடர்பான சம்பவங்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 14.7 சதவீதம், சேர்த்து எடுத்தவர்களில் 8.4, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 6.3. கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தாங்கள் உண்மையான மருந்து எடுக்கிறோம் என்பது தெரியும். அது ஒரு குறைதான். இருந்தாலும், மாத்திரையோடு பேச்சும் சேர்ந்தால் பலனும் பாதுகாப்பும் கூடுகிறது என்று நான் பெற்றோரிடம் சொல்வதற்கு இதுவே ஆதாரம். அதனால் உங்கள் மருத்துவரிடம் அடுத்த முறை கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதோடு பேச்சுச் சிகிச்சைக்கு யாரிடம் அனுப்புவீர்கள்?" என்பது.

2016-இல் லான்செட் இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வு 34 ஆய்வுகளையும் 14 மருந்துகளையும் ஒப்பிட்டது. வெற்று மாத்திரையை உறுதியாக வென்றது ஃபுளூவாக்செட்டின் ஒன்றுதான். இதே குடும்பத்து மருந்தான எஸ்சிட்டலோபிராமை 12 வயதிலிருந்து கொடுக்க 2009-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் மருந்து பலிக்காதபோது மருத்துவர்கள் அங்கே போவது வழக்கம்.

இந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை எட்டு முதல் பன்னிரண்டு வாரம் நடந்தவை. தற்கொலை ஆபத்து மிக அதிகமாக உள்ள பிள்ளைகளைப் பாதுகாப்பு கருதிச் சேர்க்கவே மாட்டார்கள். ஆகவே எண்கள் சராசரிப் பிள்ளையைப் பற்றியவை. உங்கள் மகளைப் பற்றிய ஆய்வு உங்கள் வீட்டில்தான் நடக்கப்போகிறது.

அதை எப்படி நடத்துவது என்று ஒரு தகப்பனார் எனக்குக் காட்டினார். மகனுக்கு மருந்து தொடங்கிய நாளிலிருந்து சட்டைப்பை நோட்டுப் புத்தகத்தில் நாளுக்கு இரண்டு வரி எழுதினார். "மூன்று மணிக்கு விளக்கு எரிந்தது." "சாம்பார் சாதம், பாதி." ஒன்பதாம் நாள்: "கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறான். தொட்டால் எரிந்து விழுகிறான்." அன்று மாலையே கூப்பிட்டார். இந்த நிலைகொள்ளாமைதான் நாங்கள் முதலில் தேடும் எச்சரிக்கைக் குறி. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவைக் கூட்டும்போதும் வரக்கூடியது. அளவைக் குறைத்தோம், ஐந்தே நாளில் அடங்கியது. "கொஞ்சம் பதற்றமாக இருந்தான்" என்று மட்டும் மாதக் கடைசியில் வந்து சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

ஆகவே மாத்திரையைத் தொடங்குவதா என்பதை அலமாரி முன்னால் நின்று நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டாம். நாளையே மருத்துவரைக் கூப்பிட்டு, பயத்தால் தொடங்கவில்லை என்று அப்படியே சொல்லுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ நோய், அதாவது மிகையான உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். முதல் நான்கு வாரம் வாரத்துக்கு ஒருமுறை பார்க்க நாள் கேளுங்கள். 2004 எச்சரிக்கை வந்தபோது பரிந்துரைத்த முறை அது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். தேறிவிட்டாள் என்று ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. மாத்திரை உங்கள் கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மகளிடமும் பேசுங்கள். இந்தியாவில் ஓர் ஆய்வில் சேர்க்க வேண்டுமானால் அந்த வயதுப் பிள்ளையின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்க வேண்டும், பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. ஆய்வில் கிடைக்கும் அந்த மரியாதை வீட்டில் ஏன் கிடைக்கக் கூடாது? "சாக வேண்டும் போல் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோன்றுகிறது என்றால் அவளைத் தனியே விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நள்ளிரவில் யாரும் கிடைக்காவிட்டால், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.